படத்தில் நிற்பவள்

"உனக்கு மொத்தம் எத்தினி ஊரும்மா?"

அனகாபுத்தூர் கிளியம்மாள் ஒருநாள் தபீதாளைப் பார்த்து இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு, தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டபடி பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு, நூல் சுற்றி வந்த பழைய பேப்பர்களிலிருந்து மூன்றை உருவி மடியில் விரித்தாள்.

"இதுல வெள்ளத்துல வூடு போச்சுன்னு நின்னுகினு கீற. இதுல மாடம்பாக்கத்துல நாத்து நடுற. இதுல பஞ்சாயத்து எலெக்ஷனுக்கு ஓட்டு போட வந்துகீற. மூணும் நீதான? பக்கத்து வூட்டுப் பையன் படிச்சி சொன்னான், எனக்குப் படிக்கத்தான் தெரியாது. மூஞ்சி பாக்கத் தெரியும்."

ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆகவேண்டும். தபீதாளுக்கு அப்போது பத்தொன்பது. அவளுடைய அப்பா அசரியா வாசலில் நின்று, கழுத்தில் தொங்கிய கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளியம்மாள் சொன்னது அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் தலை நிமிரவில்லை.

கிளியம்மாளும் கோபத்தில் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தால் போதும் அவளுக்கு. சற்று நேரத்தில் அவளே எழுந்து தபீதாளைத் தறியில் உட்கார வைத்தாள். நாடாவை எப்படிப் பிடிக்க வேண்டும், காலை எந்த மிதியில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரம், கைத்தறியில் உழைக்கும் அனகாபுத்தூர் மங்கை என்று படம் வந்தது. மங்கையின் பெயர் செல்லம்மாள் என்று போட்டிருந்தது. அந்தப் பெயரை வைத்தவளும் தபீதாள்தான்.

அசரியா பதினான்கு வருஷமாக ஒரு தினசரிக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிரந்தர ஆள் இல்லை. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்குளத்தூர் வரைக்கும், கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு வரைக்கும் ஊர்களில் எது நடந்தாலும் அவர் சைக்கிளில் போய்ச் சேர வேண்டும். ஏரி உடைந்தாலும் சரி, பஞ்சாயத்துக் கிணறு திறந்தாலும் சரி, தோல் கிடங்கில் தீப்பிடித்தாலும் சரி. முடிச்சூரில் இரண்டு தலையோடு கன்று பிறந்திருக்கிறது என்று கேட்டு ஒருமுறை இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்கப் போனார்கள். போவதற்குள் கன்றைப் புதைத்துவிட்டிருந்தார்கள். தோண்டிக் காட்டட்டுமா சார் என்று மாட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்து ஏமாந்து நின்ற கூட்டத்தைப் படம் எடுத்தார் அசரியா. அதுவும் பேப்பரில் வந்தது.

கிராமத்து ஜனங்களைப் படம் எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் எடுத்துப் பார்க்காதவர்கள். ஆம்பிளைகள் கேமராவைக் கண்டால் ஓடிப் போய்ச் சட்டை மாட்டி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து, கையைத் தொடையோடு ஒட்டி விறைத்து நிற்பார்கள். பொம்பிளைகள் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். கெஞ்சிக் கூத்தாடி வெளியே வரவழைப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

தபீதாள் முதல்தடவை நின்றது தற்செயலாகத்தான். மேடவாக்கத்தில் புதுக் கிணறு திறந்தார்கள். முதல் குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. நீ போய்த் தூக்கு, தபீ, என்றார் அப்பா. பை தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தவள் குடத்தைத் தூக்கினாள். அவள் நின்றதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பின்னால் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் பையில் மூன்று பழைய சேலைகள் ஏறின. ஒரு சாந்துப் புட்டியும் ஏறியது. கிறிஸ்தவப் பெண், பொட்டு வைக்க மாட்டாள். படத்துக்காக வைத்துக்கொள்வாள். திரும்பும்போது, வீடு இருக்கும் இரும்புலியூர் வருவதற்கு முன்னால் சைக்கிளை நிறுத்தச் சொல்லி, எச்சில் தொட்டு அழித்துவிடுவாள்.

அப்பா சொல்லிக் கொடுத்தவை கொஞ்சம்தான். கேமராவைப் பார்க்காதே. சிரிக்காதே. சென்ற தடவை இடதுபக்கம் தெரிந்திருந்தால் இந்தத் தடவை வலதுபக்கம். கையை நெற்றிக்குக் கொடுத்து வெயிலை மறைக்கிற மாதிரி நின்றால் பாதி முகம் நிழலில் போய்விடும். அவர் கெட்டிக்காரர். நாலு வருஷத்தில் நாற்பது படத்தில் நின்றிருப்பாள், பேப்பர் ஆபீஸில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. படங்களைப் பார்த்து எடுத்துப் போடும் ராஜகோபால் சார் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பாராம்: "உமக்கு மட்டும் எப்படியய்யா பட்டிக்காட்டுப் பொம்பிளைங்க முகத்தைக் காட்டுறாங்க?" அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தபீதாளும் சிரிப்பாள்.

நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை பேசு என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் நிற்பதற்குப் பேச வேண்டியதில்லை. ஆகவே அது கஷ்டமாகத் தெரியவில்லை, ஆரம்பத்தில்.

அம்மா இறந்தபோது ஒன்பதாம் வகுப்பு. ரெண்டு மாசம் வீட்டைப் பார்த்துக்கோ, அப்புறம் பள்ளிக்கூடம் போகலாம் என்றார் அப்பா. பொய்யாகச் சொல்லவில்லை; அவர் நினைத்தது அப்படித்தான். அதற்குள் அவர் கையில் சிரங்கு மாதிரி வெடித்துவிட்டது. பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியெல்லாம் பிளந்து, மருந்தில் கை வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். பிறகு அந்த வேலையும் தபீதாளுடையது ஆயிற்று. குளிக்கிற அறையின் ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு நடுப்பகலில் உள்ளே உட்காருவாள். வெளியே பால்காரர் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் ஏறி வரும். பெரும்பாலும் அது அவளுடைய முகமாகவே இருக்கும். ஹைப்போவில் போட்டு, அலசி, காய வைத்து, பின்புறம் பென்சிலால் ஊரும் பேரும் எழுதி உறையில் போட்டுத் தருவாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வரை போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

இப்படி ஐந்து வருஷம் போனபிறகு ஒரு கதவு திறந்தது.

செங்கல்பட்டுப் பக்கத்தில் பிள்ளைகள் விடுதி ஒன்று. சபையார் நடத்துவது. அதன் வார்டன் ஞானசௌந்தரி அம்மாள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகைக்குத் தாம்பரம் வந்திருந்தார். சபையின் சின்னப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து தபீதாள் கோலாட்டம் பழக்குவதை ஓரமாக நின்று பார்த்தார். பெரியவர்களிடம் பேசாத பெண், பிள்ளைகளிடம் பேசிய பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது. விடுதியில் உதவியாளாக ஓர் இடம் ஜூன் மாதம் காலியாகிறது என்றார். தங்க அறை உண்டு. மாலையில் படித்து எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதலாம். பிறகு ஆசிரியைப் பயிற்சிக்கு அவரே அனுப்பி வைப்பார். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருக்க வேண்டும், நன்னடத்தைக்குச் சபை சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அப்பாவிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கேமரா லென்ஸைத் துடைத்தார். "போயேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தபீதாள் மாதங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏழு இருந்தது.

ஜனவரியில் பள்ளிக்கரணையில், பிள்ளை பிறக்காமல் இருக்கப் பெண்களுக்கு லூப் பொருத்தும் முகாம் போட்டார்கள். சிவப்பு முக்கோணம் வரைந்த வண்டி ஒன்று வந்து புளியமரத்தடியில் நின்றது. நர்சுகள் மைக்கில் கூப்பிட்டார்கள். பெண்கள் வந்தார்கள், ஆனால் பின்பக்கமாக, வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு, முக்காடு போட்டு வந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அந்த வரிசையும் கலைந்தது. படம் எடுக்கிறதா இருந்தா எங்களுக்கு எதுவும் வேணாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போக, பெரிய நர்ஸ் அசரியாவை முறைத்தாள்.

வண்டிக்குப் பின்னால் சரசு என்கிற பெண் மட்டும் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். மூன்று பிள்ளைக்காரி. அவளுக்கு லூப் போட்டு முடிந்திருந்தது. அவள் தபீதாளைத் தனியாகக் கூப்பிட்டு, தன் முகம் படத்தில் விழுந்துவிடப் போகிறது என்று பயந்து பேசினாள். புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறாளாம். தெரிந்தால் வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க என்றாள். அசரியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்தார். பிறகு சரசுவிடம், உன் முகம் வேணாம்மா, குழந்தையை மட்டும் அஞ்சு நிமிஷம் குடு என்றார்.

தபீதாள் நீலச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வாங்கினாள். முக்கோணத்துக்கு முன்னால் நின்றாள். அந்தக் குழந்தை எடுத்த எடுப்பில் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்பது ஒரு விநாடி மறந்து போயிற்று. அந்த விநாடியில் அப்பா எடுத்துவிட்டார்.

அது அவர் எடுத்ததிலேயே நல்ல படம். குளிக்கிற அறையில் தட்டுக்குள் அது மேலே வந்தபோது அவளுக்கே அது தெரிந்தது. முகம் முழுசாக விழுந்திருந்தது. இதை அனுப்ப வேண்டாம்ப்பா என்று சொல்ல நினைத்தாள். ஆனால் வேறு படம் இல்லை. பின்புறம் வழக்கம்போல எழுதினாள்: எல்லம்மாள், வயது 24, மூன்று குழந்தைகளின் தாய், பள்ளிக்கரணை.

பேப்பரில் சின்னதாகத்தான் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்கிறவர்களில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். மார்ச் மாதம் எலெக்ஷன் முடிந்து, கட்சிப் போஸ்டர்கள் கிழிந்து தொங்கிய சுவர்களில் எல்லாம் புதுசாக ஒரு மஞ்சள் போஸ்டர் ஏறியது. சிவப்பு முக்கோணம். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் தபீதாள். "மூன்று போதும் என்று நான் முடிவு செய்தேன்."

தாம்பரம் ஸ்டேஷன் மதிலில் வரிசையாகப் பன்னிரண்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு ரோல் மாதிரி. ரிக்ஷா ஸ்டாண்டில் சேட்டு என்பவன் அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவன். அவன் வண்டியில் சாய்ந்தபடி, "இன்னா தபீ, மூணு பேரையும் வூட்ல வுட்டுட்டு தனியா வந்துட்ட? அழுவுதுங்க பாரு" என்றான். ஸ்டாண்டே சிரித்தது. அவன் மனசில் விஷம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போவதை விட்டு, லெவல் கிராசிங் வழியாகச் சுற்றிப் போனாள். அங்கேயும் ஒட்டியிருந்தது. சர்ச்சில் அவளோடு பாட்டுப் புஸ்தகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரத்தினபாய், அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு அந்தப் போஸ்டர் வேறு மாதிரி வந்தது. ராஜகோபால் சார் அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக உட்கார வைத்தார். ஜூன் முதல் நிரந்தர வேலை. பெயர் அச்சடித்த அட்டை. ரயில் பாஸ். கிராமத்து ஜனங்கள் நம்பி முகம் காட்டுகிற ஒரே போட்டோகிராபர் நம்மிடம் இருக்கிறார் என்று ஆசிரியரிடமே சொன்னாராம். அப்பா அன்றைக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். "உன்னாலதான், தபீ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் ஜாங்கிரியைத் தின்றாள்.

மே மாத ஆரம்பத்தில் ஞானசௌந்தரி அம்மாளின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் விடுதிக் கமிட்டிக்காரர் ஒருவர் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு விடுதிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த பெண்தானே இவள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதாகப் போட்டிருக்கிறது. இல்லை என்றால் இந்தக் குழந்தை எது என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு உன்மேல் சந்தேகம் இல்லை, ஆனால் நான் ஒருத்தி சொன்னால் போதாது என்று எழுதியிருந்தார் அம்மாள். படத்தை எடுத்தவர் உன் தகப்பனார் என்பதால் அவர் கையால் விளக்கம் வேண்டும். பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, நானே நேரில் வருகிறேன்.

கடிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு வரிப்பா," என்றாள். "அது எம் பொண்ணு, சும்மா நிக்க வெச்சு எடுத்தேன்னு எழுதிக் குடுங்க."

"எழுதலாம்." அவர் கடிதத்தை மடித்தார். "அது கமிட்டிக்குப் போகும். கமிட்டியில இருக்கறவங்க பேப்பர் படிக்காதவங்களா? ஒருத்தர் போதும், ஆபீஸுக்கு ஒரு கார்டு போட. ராஜகோபால் சார் பழசையெல்லாம் எடுத்து மேஜையில பரப்புவார். நாலு வருஷமா ஒரே பொண்ணு. வெள்ளத்துலயும் அவதான், வயல்லயும் அவதான். அப்புறம் நிரந்தர வேலை என்ன, இருக்கற வேலையும் போச்சு. அந்தச் சர்க்கார் போஸ்டருக்கு வேற பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தபீதாளுக்குத் தாங்கவில்லை. அவர் கத்தியிருந்தால் அழுதிருக்கலாம். அவர் அடுப்படிக்குப் போய் வெடித்த விரலால் டம்ளரைப் பிடித்துக் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீ போகக் கூடாதுன்னா சொல்றேன்? வேற வழி இருக்கு" என்றார்.

வேறு வழி இதுதான். படத்தில் இருப்பது தபீதாள் இல்லை, அவள் சாயலில் இருக்கிற வேறு பெண் என்று சொல்லிவிடுவது. சரசுவை அதே நீலச் சேலையில் குழந்தையோடு கொண்டுவந்து காட்டுவது. நான்தான் எல்லம்மாள், நான்தான் படத்தில் இருக்கிறேன் என்று சரசு சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு, எடுப்பான கன்னம், மூக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வார்டன் அம்மாள் ஒரு போஸ்டரை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கப் போகிறார். பேரும் வேறு, ஆகவே சரசுவுக்கும் ஆபத்து இல்லை.

தபீதாள் தலையை ஆட்டினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. விடுதியில் ஜன்னல் உள்ள ஓர் அறை அவளுக்காகக் காத்திருந்தது. அந்த ஜன்னலில் கம்பளி அடித்திருக்காது. அதற்காக எது சொன்னாலும் தலையாட்டியிருப்பாள்.

பள்ளிக்கரணைக்குப் போய் சரசுவைக் கேட்டதும் அவள்தான். அப்பா அந்தக் குழந்தையைத் தனியாக ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நன்றி சரசுவுக்கு இருந்தது. ரெண்டு வார்த்த சொல்லணும், அவ்ளோதான என்று கேட்டுக்கொண்டு, தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே ஞானசௌந்தரி அம்மாள் வந்துவிட்டார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் துணிப்பை. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூடத்துச் சுவரிலிருந்த போஸ்டரை அப்பா காலையிலேயே கிழித்துவிட்டிருந்தார். பசை ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. அம்மாள் அதைப் பார்த்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஐந்து மணிக்கு வண்டலூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு இருக்கிறது, அதற்குப் போக வேண்டும் என்று அப்பா முதலிலேயே சொல்லி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சாயல் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். உள்ளேயிருந்து சரசு வந்தாள். குழந்தை நாலு மாதத்தில் வளர்ந்து, இடுப்பிலிருந்து நழுவி நழுவி இறங்கப் பார்த்தது.

"நான்தாம்மா எல்லம்மா," என்றாள் சரசு. "பேப்பர்ல வந்தது நானு. இந்தக்கா இல்ல."

ஞானசௌந்தரி அம்மாள் அவளைப் பார்த்தார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா, முகம் இளகியது. "ரொம்ப நல்லதும்மா, இவ்வளவு தூரம் வந்தியே" என்றார். பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து முக்காலியில் வைத்தார். கமிட்டிக்குச் சொல்ல வேண்டும், ஆகவே எழுதிக்கொள்கிறேன் என்றார். எந்தத் தெரு என்று கேட்டார். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வாரம் கமிட்டியிலிருந்து ஒருவர் பள்ளிக்கரணைக்கு வந்து உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார் என்றார்.

சரசு அசரியாவைப் பார்த்தாள். அசரியா தரையைப் பார்த்தார். குழந்தை இறங்கிப் போய் அம்மாளுடைய குடையைப் பிடித்துக்கொண்டது. சொல்லும்மா என்றார் அம்மாள். சரசுவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா மெல்ல, "ஏதாவது ஒரு பேர் சொல்லேம்மா" என்றார். அம்மாளுக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டார். தெரிந்து சொல்லவில்லை.

"அது நான்தான்," என்றாள் தபீதாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. ஆச்சரியமாக இருந்தது.

"படத்துல இருக்கறது நான். பேர் நான் வெச்ச பேர். குழந்தை இவங்களோடது. இவங்க வீட்டுல தெரியாது, இவங்களை விட்டுடுங்க, அம்மா."

அம்மாள் பேனாவை மூடினார். சரசுவைக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். நீ இங்கே வந்ததும் எனக்குத் தெரியாது, உன்னை நான் பார்க்கவும் இல்லை, வீட்டுக்குப் போ என்றார். சரசு குழந்தையை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று தபீதாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அம்மாள் கோபப்படப் போகிறார் என்று தபீதாள் நினைத்தாள். அவர் கோபப்படவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பெண்ணை அழ வைக்காம இருந்திருக்கலாம்" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க மகள் சொன்னது எனக்குப் போதும். கமிட்டிக்குப் போதாது. அவளே எழுதினா, அவதானே எழுதினான்னு சொல்லுவாங்க. எடுத்தவர் எழுதணும். ரெண்டு வரி. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போகணும். நீங்க எழுதிக் குடுத்தா இன்னைக்கே இவளையும் கூட்டிட்டுப் போறேன். ஜூன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

இன்னைக்கே என்ற வார்த்தை தபீதாளின் காதில் நின்றது. கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. அதில் வைக்க வேண்டியது அதிகம் இல்லை. கால் மணி நேரம் போதும்.

அசரியா முக்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பேனாவை வாங்கினார். வெடித்த விரல்களுக்கு நடுவே அதைச் சரியாகப் பொருத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தாளின் மேல்மூலையில் இரும்புலியூர் என்று எழுதினார். அதன் கீழே 15.5.1971 என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். கமிட்டித் தலைவர் அவர்களுக்கு என்று எழுதி, ஒரு கோடு போட்டார்.

அங்கே பேனா நின்றது.

தபீதாள் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா வார் அறுத்து அறுத்து அங்கே தோல் கறுத்துப் போயிருந்தது. நிரந்தர வேலைக்காகத்தான் நிற்கிறாரா, அல்லது நாளைக்கு அந்தக் குளிக்கிற அறையில் யார் உட்காருவார்கள் என்று நினைக்கிறாரா? அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. அப்பா என்று கூப்பிட்டால் எழுதிவிடுவாரோ என்று தோன்றியது. கூப்பிட்டாள்.

"அப்பா."

அவர் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார். உருண்டு விழாதபடி கோட்டின் மேல் நேராக வைத்தார். எழுந்தார். ஆணியிலிருந்து கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஞானசௌந்தரி அம்மாள் ஏதோ கேட்டார். அவர் செருப்பைத் தேடி, வலது காலில் இடது செருப்பை நுழைத்து, கழற்றி, மாற்றிப் போட்டுக்கொண்டார். திறப்பு விழா ஐந்து மணிக்குத்தான்; அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். மகளையும் பார்க்காமல், வந்தவரையும் பார்க்காமல் தெருவில் அதை உருட்டிக்கொண்டு போனார்.